கணக்குப் போடும் ஊசி

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா வாங்கிய மாரிஸ் மைனர் கார் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஓடுகிற நிலைதான். ஆனால் பாதி நேரம் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதிலேயே போகிறதாம். "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தக் காலத்து எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வைத்துவிடலாமா என்று கேட்டால் மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் வருகிறது. என் தம்பி மகன் அறையில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் படம். பக்கத்தில் கடன் வாங்கி வாங்கிய பழைய பேஸ் கித்தார். இந்தப் பழசுகளில் என்னதான் இருக்கிறது? அறிவியல் ஏதும் உண்டா, வெறும் கிறுக்கா?"

கிறுக்கும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள், எனாமல் பெயர்ந்த ஒரு தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்தாலே தெரியும். ஆனால் காருக்கும் போர் விமானத்துக்கும் கித்தாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மூன்றிலும் சிப் கிடையாது, மென்பொருள் கிடையாது. ஆனாலும் உள்ளே கணக்கு நடக்கிறது. அந்தக் கணக்கை உலோகத்தின் வடிவத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊசியின் சரிவில், துளையின் அகலத்தில், காந்தம் உட்கார்ந்திருக்கும் இடத்தில். கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். மயக்கம் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

காரிலிருந்து தொடங்குவோம். பெட்ரோல் எஞ்சினின் நான்கு வீச்சுகள் பள்ளியில் படித்ததுதான்: உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல். நமக்கு வேண்டியது முதல் வீச்சு மட்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கூடவே பெட்ரோலும் போக வேண்டும், அதுவும் அளவாக. அந்த அளவைக் கவனிப்பது பழைய காரில் கார்புரேட்டர்; இந்தக் காலத்துக் காரில் கணினி சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்றால் பெட்ரோலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மிச்சமில்லாமல் தீரும். பெட்ரோல் கூடினால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் திணறும், சூடேறும்.

குறுகலான குழாயில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சின்ன துளை வைத்தால் பெட்ரோல் தானாக மேலே வந்துவிடும். பெர்னூலி சொன்ன சங்கதி. ஆனால் குழாயின் அகலம் மாறாமல் இருந்தால் ஒரு சிக்கல். எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று மெதுவாகப் போகும். பெட்ரோலை இழுக்கத் தெம்பு இருக்காது. முழு வேகத்தில் காற்று பாய்ந்து வரும். பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டும். இதைச் சமாளிக்க பல கார்புரேட்டர்களில் மெதுவோட்டத்துக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளைக் குழல்), வேகத்துக்கு ஒரு ஜெட், ஆக்சிலேட்டரைத் திடீரென மிதித்தால் பீய்ச்ச ஒரு குட்டிப் பம்பு என்று ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டிருப்பார்கள்.

மாரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. (ஸ்கின்னர்ஸ் யூனியன்) கார்புரேட்டர். ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் 1904-05 வாக்கில் உருவாக்கியது. அவர்கள் குடும்பத் தொழில் செருப்புத் தயாரிப்பு. அதனால்தானோ என்னவோ, ஆரம்பகால எஸ்.யூ.க்களில் உலோகப் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்தி இருந்தது! தோல் போய் உலோகம் வந்தது, யோசனை மாறவில்லை. அந்த யோசனை இதுதான்: காற்றின் அளவு மாறினால் குழாயின் அகலமும் கூடவே மாறட்டும்.

எப்படி? காற்று போகும் வழியின் குறுக்கே மேலிருந்து ஒரு பிஸ்டன் தொங்குகிறது. அதன் தலைப்பகுதி அகலமான தட்டு. அது மணி போன்ற ஒரு கிண்ணத்துக்குள் ஏறி இறங்கும். தட்டின் அடியில் வெளிக்காற்றின் அழுத்தம். தட்டுக்கு மேலே உள்ள அறைக்கு, பிஸ்டனின் அடியில் போட்ட துளை வழியாக, எஞ்சின் பக்கத்து உறிஞ்சல் வந்து சேர்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் பலமாக உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் மேலறையை எட்டுகிறது. பிஸ்டன் தன் எடையையும் மேலிருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கையும் மீறி எழும்புகிறது. எழும்பியதும் அடியில் வழி அகலமாகிறது. அகலமானதும் உறிஞ்சல் தணிகிறது. தணிந்ததும் பிஸ்டன் அந்த உயரத்தில் நின்றுவிடுகிறது. சோற்றுப்பானையில் ஆவி மூடியைத் தூக்க, தூக்கிய சந்தில் ஆவி வெளியேற, மூடி ஓர் உயரத்திலேயே தத்தளித்து நிற்குமே, அதே கதைதான்.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான உறிஞ்சல் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதன் எடையும் ஸ்பிரிங்கும் அதைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே அதன் அடியில் பாயும் காற்றின் வேகமும் ஏறக்குறைய மாறுவதில்லை. எஞ்சின் முனகினாலும் அலறினாலும், பெட்ரோல் துளைக்கு மேலே வீசும் காற்று அதே காற்றுதான். வேகம் மாறாதபோது, காற்று எவ்வளவு போகிறது என்பதைப் பிஸ்டனின் உயரமே சொல்லிவிடும். அதாவது அந்தப் பிஸ்டன் ஓர் அளவுமானி.

அளந்தாயிற்று, இனி பெட்ரோலைக் கொடுக்க வேண்டும். பிஸ்டனின் அடியில் ஒரு பித்தளை ஊசி. மேலே தடிமன், கீழே போகப்போக மெலிவு. அது ஜெட்டின் துளைக்குள் நிற்கிறது. பெரும்பாலான சின்னக் கார்களில் அந்தத் துளை 0.090 அங்குலம், அதாவது 2.3 மில்லிமீட்டர்கூட இல்லை. பிஸ்டன் எழும்ப எழும்ப ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வருகிறது, ஊசிக்கும் துளைக்கும் நடுவிலுள்ள வளையச் சந்து அகலமாகிறது, பெட்ரோல் கூடுகிறது. அவ்வளவுதான்! ஊசியின் விட்டத்தை எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை, அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வகை ஊசிக்கும் எழுத்துக்குறி கொடுத்திருக்கிறார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று இன்றைய கார்க் கணினி நினைவில் வைத்திருக்கும் அட்டவணை, இங்கே ஒரு பித்தளைக் கம்பியின் சரிவாக இருக்கிறது.

திடீரென மிதித்தால்? பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய், அதில் ஒரு தடுப்பான். பிஸ்டன் மேலே ஏறும்போது மட்டும் அது தயங்க வைக்கும்; இறங்கும்போது தடுக்காது. ஏறத் தயங்கும் அந்த நொடியில் வழி குறுகலாகவே இருப்பதால் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக வரும். வண்டி பாய்ந்து கிளம்ப வேண்டியதும் அதுதானே! குட்டிப் பம்பு செய்த வேலையை இங்கே ஒரு ஸ்பூன் எண்ணெயின் சோம்பேறித்தனம் செய்துவிடுகிறது. அந்த எண்ணெய் வற்றிப்போனால் மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் முக்கும். நம் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அப்புறம் காற்று வடிகட்டியைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பார்க்கலாம். 'க்ளிக்' என்ற சுத்தமான சத்தத்தோடு விழ வேண்டும். மொத்தென்று நின்றால் கிண்ணத்துக்குள் அழுக்கு, அல்லது ஊசி ஜெட்டில் உரசுகிறது. அழுக்கைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். எமரித் தாளை எடுத்துவிடாதீர்கள். பிஸ்டனும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று ஜோடியாகக் கடைந்தவை.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. சித்திரை வெயிலில் கல்லல் போகும் வழியில் ஓர் அய்யனார் கோயில் பக்கம் வந்தால் கார் நின்றுவிடுகிறதாம்; சூடம் கொளுத்திக் கும்பிட்டு அரை மணி கழித்துக் கிளப்பினால் கிளம்பிவிடுகிறதாம். வீட்டிலிருந்து எஞ்சின் முழுச் சூடு ஏற எவ்வளவு தூரம் ஆகுமோ அவ்வளவு தூரத்தில் அய்யனார் இருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. அரை மணியில் ஆறிவிடும். குழாய்மேல் ஈரத்துணி சுற்றினால் இன்னும் சீக்கிரம். அய்யனாரைக் கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. காத்துக்கருப்பு என்று சொல்லிக் காரை விற்றுவிட வேண்டாம் என்கிறேன்.

விமானத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பறக்கவிட்ட ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் 12 சிலிண்டர், 27 லிட்டர். அதற்கும் கார்புரேட்டர் எஸ்.யூ. கம்பெனியினுடையதுதான். நான் மேலே சொன்ன ஏறி இறங்கும் பிஸ்டன் அதில் இல்லை. ஆனால் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை அறை இருந்தது. மிதவைக்குப் புவியீர்ப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். போர் விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்திப் பாய்ந்தால், அவரோடு சேர்ந்து பெட்ரோலும் மேல்பக்கம் எழும்பும். முதலில் ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் விக்கும். அடுத்து மிதவை தவறான பக்கம் போய் வால்வை முழுக்கத் திறந்துவிட, பம்பு கொட்டும் பெட்ரோலில் எஞ்சின் மூழ்கிக் கரும்புகையோடு அடங்கும். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் முறை இருந்ததால் அது பாட்டுக்குப் பாய்ந்து தப்பிவிடும். பிரிட்டிஷ் விமானிகளோ, பெட்ரோல் மிதவை அறையின் அடியிலேயே தங்குவதற்காக, பாய்வதற்கு முன்னால் விமானத்தைப் புரட்டிக்கொண்டு துரத்த வேண்டியிருந்தது.

தீர்வு சொன்னவர் ஃபார்ன்பரோ அரசு ஆய்வு மையத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓட்டியவர். பெட்ரோல் குழாயில் நடுவில் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் தடுப்பை வைத்தார். எஞ்சின் உச்ச வலுவில் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ, துளை அந்த அளவை மட்டும் விடும். மிதவை என்ன செய்தாலும் எஞ்சின் மூழ்காது. முதல் விக்கல் அப்படியே இருந்தது. ஆளைக் கொன்ற இரண்டாவது போய்விட்டது. எஞ்சினைக் கழற்றாமலே மாட்டலாம் என்பதால் 1941 மார்ச்சில் முகாம் முகாமாகப் போய்ப் பொருத்தினார்கள். செட்டிநாட்டில் புதர் மண்டிய உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பித்தளைத் துண்டுதான் ஞாபகம் வரும்.

அந்தத் துளைக்குப் பின்னால் வருஷக்கணக்கில் அரசுப் பணத்தில் நடந்த எஞ்சின் சோதனைகள் இருந்தன. இன்று அப்படி ஒரு வேலைக்கு நிதி கேட்டு மனுப் போட்டால் "உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் மின்வேதியியல் ஆய்வகம் இங்கே திறந்தது. மண்டபம் என்ற கடலோர ஊரிலுள்ள அதன் நிலையத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் மாட்டிவைத்துத் துரு ஏறுவதைக் காத்திருந்து அளக்கிறார்கள். அவசரப்பட்டால் துரு ஏறிவிடுமா? வருஷத்துக்கு வருஷம் கணக்குக் கேட்டுப் பணத்தை இழுத்துப் பிடிக்கிற வழக்கம் இம்மாதிரி ஆய்வுகளைத்தான் முதலில் கொல்லும்.

தம்பி மகனின் பேஸ் கித்தாருக்கும் ஒரு வார்த்தை. கம்பிக்கு அடியில் காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பி. எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். தொல்லை என்னவென்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் அதே சுருள் பிடித்துக்கொள்ளும். பேஸின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸில் அதே அக்கம்பக்கத்தில் பாடுவது. அமெரிக்கக் கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸில் 1957-இல் சுருளை இரண்டாக வெட்டி, ஒன்றை எதிர்த்திசையில் சுற்றி, அதன் காந்தத்தையும் தலைகீழாக வைத்தார்கள். வெளி உறுமல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து கழிந்துபோகும். கம்பியின் ஓசைக்கோ, சுற்றிய திசை, காந்தம் இரண்டுமே திரும்பியிருப்பதால் அது கழியாது. இதுவும் வடிவத்தில் எழுதிய கழித்தல் கணக்கே.

பழைய மரத்தில் தெய்வீக ஓசை குடியிருக்கிறது என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. 2010-இல் தேர்ந்த வயலின் கலைஞர்களிடம் கண்ணை மறைத்து, பழம்புகழ் பெற்ற இத்தாலிய ஸ்ட்ராடிவாரியஸ் போன்ற வயலின்களையும் புது வயலின்களையும் கொடுத்தபோது, அதிகம் பிடித்தது ஒரு புதிது. குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். காரைக்குடி வளவின் பர்மாத் தேக்குத் தூணை இழைத்துக் கித்தார் செய்தாலும் தூணுக்குத்தான் நஷ்டம்.

சரி, இன்ஜெக்‌ஷன் வைக்கலாமா? தினம் மதுரைக்கு ஓட்டுவதென்றால் அதுதான் நல்லது: குளிரோ வெயிலோ கலவையைத் தானே திருத்தும், புகை குறைவு. மைனரில் வேண்டாம், இருப்பதைச் சரிசெய்யுங்கள். இப்போது பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குச் சரியான கலவை 14.7 அல்ல, சுமார் 13.5. அதாவது பழைய டியூனிங்கில் வண்டி பெட்ரோல் போதாமல் ஓடுகிறது. ஜெட்டின் அடியில் ஆறு பக்க நட்டு ஒன்று இருக்கும். அதை ஒவ்வொரு பக்கமாக, அதாவது ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்காக, கீழ்நோக்கித் திருகினால் ஜெட் இறங்கும், ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வந்து பெட்ரோல் கூடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுக்கும்போது நடப்பதும் இதேதான். ஒரு பக்கம் திருகுங்கள், எஞ்சினைச் சூடாக்குங்கள், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம், நின்றுபோனால் போதாது, லேசாக ஏறி அடங்கினால் சரி. பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் தாங்குபவையாக மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். மாற்றாமல் செய்தால் ஊறிய ரப்பர் கசியும், எஞ்சினின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டும்.