போட்ஸ்வானர் வேறு, ட்ஸ்வானர் வேறு

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள போட்ஸ்வானா நாட்டில் பட்ஸ்வானா, மொட்ஸ்வானா என்று இரண்டு பழங்குடிகள் வாழ்வதாகப் பொது அறிவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அவை இரண்டு குடிகள் அல்ல. ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும்.

வேர்ச்சொல் ட்ஸ்வானா. நாம் வாலில் ஒட்டும் விகுதியை அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள்: மொ- என்றால் ஒருவர், ப- பலர், செ- மொழி, போ- நாடு. அப்பகுதியின் இன்னொரு நாடான லெசோத்தோவிலும் இதே முறைதான்: மொசோத்தோ, பசோத்தோ, செசோத்தோ. 1885இல் போட்ஸ்வானாவைத் தம் பாதுகாப்பு நாடாக்கிய ஆங்கிலேயர், பட்ஸ்வானாவைக் காதில் விழுந்தபடி எழுதியதே பெச்சுவானாலாந்து. எனவே 'பட்ஸ்வானாக்கள்' என்பது பன்மைக்கு மேல் பன்மை. 'செட்ஸ்வானா மொழி' நடுசென்டர் வகை; 'ட்ஸ்வானா மொழி' போதும்.

இதைத் திருத்த வந்தவர்கள் கொடுத்தது 'போட்ஸ்வானியர்'. இந்த 'ய' எங்கிருந்து வந்தது? இந்தியா, ஆசியா என யாவில் முடியும் பெயர்கள் இந்தியர், ஆசியர் ஆவது இயல்பு. அமெரிக்காவிலிருந்து அமெரிக்கர்தானே வருகிறார், அமெரிக்கியர் இல்லையே! தனித்தமிழ்க்காரர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். ட் மொழிமுதலில் வராது என்று அதை வெட்டிவிட்டு 'சுவானர்' என்றார்கள். சுவானம் என்றால் நாய் என்று அகராதியில் இருக்கிறது. மரபு காக்க ஒரு மக்களுக்கு இந்தப் பெயரா? மெய்முதல் உறுத்தினால் 'துசுவானர்' என்று எழுதட்டும், தடையில்லை.

எழுத்தை விடப் பொருள் பெரிய சிக்கல். ட்ஸ்வானா மொழியில் பட்ஸ்வானா என்பது இனத்தையும் குறிக்கும், குடிமக்களையும் குறிக்கும். கலங்கா, சான் மக்களும் அந்நாட்டுக் குடிமக்களே. ஆனால் இனத்தால் ட்ஸ்வானர் அல்லர். மறுபுறம், 2022 கணக்கெடுப்பின்படி போட்ஸ்வானாவின் மொத்த மக்களே சுமார் 23.5 லட்சம்தான், தென்னாப்பிரிக்காவிலோ ட்ஸ்வானாவைத் தாய்மொழியாகப் பேசுவோர் 40 லட்சத்துக்கும் மேல். ஆகவே குடிமக்களைப் போட்ஸ்வானர் என்றும் இனத்தவரை ட்ஸ்வானர் என்றும் பிரித்து எழுதுவதே சரி. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் வசதி இருக்கும்போது ஏன் விடவேண்டும்?

பொருளாதாரச் செய்திகளில்தான் இந்தக் குழப்பம் விபரீதமாகிறது. அங்கே சில சிறு வணிக உரிமங்கள் குடிமக்களுக்கு மட்டுமே. அதை 'பட்ஸ்வானா இனத்தவருக்கு மட்டும்' என்று பெயர்த்தால், குடியுரிமைச் சட்டம் இன ஒதுக்கீடாகிவிடும். வைரமும் அப்படித்தான். 1966இல் விடுதலை, மறு ஆண்டே ஒராபாவில் வைரம், 1982இல் ஜ்வானெங் சுரங்கம். இவற்றை நடத்தும் டெப்ஸ்வானா நிறுவனத்தில் அரசுக்குப் பாதிப் பங்கு, டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்குப் பாதி. அரசின் பங்கு நாட்டுக் கருவூலத்துக்குப் போகிறது, எந்த இனத்தின் கைக்கும் அல்ல. ஆங்கிலத்தில் கண்ட சொல்லுக்குப் பின்னால் 'இனத்தவர்' சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

நாணயத்தின் பெயர் புலா, 1976 முதல். கலஹாரி பாலைவன நாட்டில் மழைக்கு அத்தனை மதிப்பு. புலா என்றால் மழைதான். 100 தெபே ஒரு புலா. ஐம்பது ரூபாய் என்பதுபோல் ஐம்பது புலா என்று எழுதினால் போதும், 'புலாக்கள்' வேண்டாம்.