இமேஜுக்குள் சாவி இருக்கிறதா, பாருங்கள்

முதலமடையில் தை பிறந்தால் மாங்காய் வண்டிகள் வரிசை கட்டும். பாலக்காட்டின் அந்த எல்லைப்பகுதியில் ஒரு மண்டிக்கு நான் செய்து கொடுத்தது சின்ன வேலைதான். அச்சடித்த எடைச்சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அதிலுள்ள எடையைப் படித்துக் கணக்கில் ஏற்ற வேண்டும். சீட்டு வருவதே நாளில் சில மணி நேரம், அதுவும் சீசன் வரைக்கும்தான். இதற்காக வருஷம் முழுக்க ஒரு சர்வருக்கு வாடகை கட்டுவது வீண். அழைக்கும்போது மட்டும் நம் கோடை ஓட்டிக் கொடுக்கும் அமேசானின் சேவை ஏடபிள்யூஎஸ் லாம்டா. அதில் ஒரு ஃபங்ஷனாக, அதாவது சின்ன புரோகிராமாகப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட், படத்தைச் சீராக்க ஓப்பன்சிவி, தமிழ் மலையாள மொழிக் கோப்புகள் என்று சேர்க்கச் சேர்க்க ஜிப் தாங்கவில்லை. ஜிப் என்றால் அவிழ்த்த பிறகு 250 எம்பிக்குள் இருக்க வேண்டும். கன்டெய்னர் இமேஜ் (போட்டோ அல்ல; கோடும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த ஒரே பொட்டலம்) என்றால் 10 ஜிபி வரை போகலாம். 2020 டிசம்பரிலிருந்து லாம்டா இதை ஏற்கிறது. டெபியன் லினக்ஸ் சார்ந்த பைத்தான் இமேஜ், லாம்டாவோடு பேச ரன்டைம் இன்டர்ஃபேஸ் கிளையன்ட், நம்முடைய கோடு. இமேஜை உருவாக்கும் கருவி டாக்கர்; அதற்கான செய்முறைக் குறிப்பான டாக்கர்ஃபைல் பத்து வரியைத் தாண்டாது. பில்ட் செய்து, ஃபங்ஷன் இருக்கும் அதே ரீஜனில் (அமேசான் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) உள்ள இசிஆர் என்ற இமேஜ் கிடங்கில் ஏற்றினால் போதும்.

முதல் நாளே மண்டியிலிருந்து போன். “ஏனுங் தம்பி, சீட்டு அனுப்பி அரை மணி ஆச்சுங்க, ஒண்ணுமே வரலீங்களே?” லாம்டாவின் டைம்அவுட், அதாவது வேலையை முடிக்கத் தரும் நேரம், மாற்றாவிட்டால் 3 விநாடிதான். 30 ஆக்கினேன், சரியாயிற்று.

அடுத்தது அப்படிச் சுலபமாக முடியவில்லை. ஃபோல்டரில் இருந்ததை எல்லாம் ஒரே காப்பி வரியில் இமேஜுக்குள் கொண்டுபோயிருந்தேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அதாவது அதன் சாவி, எழுதியிருந்த என்வ் என்ற செட்டிங்ஸ் ஃபைலும் கூடவே போயிருந்தது. அதைக் கவனித்து, டாக்கர்ஃபைலில் கீழே ஒரு வரி சேர்த்து அந்த ஃபைலை அழித்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஃபைல் இல்லை. அத்தோடு நிம்மதியாகிவிட்டேன்.

சோதித்துப் பார்க்கச் சொல்லி அந்த இமேஜைக் கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை கூப்பிட்டார். “ஏனுங்ணா, உங்க பாஸ்வேர்டு முதலெழுத்து எம் தானுங்களே?”

டாக்கர் சேவ் போட்டு இமேஜை ஒரு டார் ஃபைலாக எடுத்து, அடுக்கடுக்காக அவிழ்த்திருக்கிறார். டாக்கர்ஃபைலில் காப்பி, ரன் ஒவ்வொன்றும் ஒரு லேயர். கீழ் லேயரில் இருப்பதை மேல் லேயரில் அழித்தால், சுவரில் எழுதியதன் மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான். சுரண்டினால் எழுத்து தெரியும். டாக்கர்ஃபைலில் மதிப்புகளைக் கொடுக்கும் என்வ், ஆர்க் வரிகளில் பாஸ்வேர்டு எழுதினால் அவிழ்க்கவே வேண்டாம், டாக்கர் ஹிஸ்டரி என்ற கட்டளையே காட்டிக் கொடுக்கும்.

இப்படி ஆனால் இமேஜை அழிக்க ஓடாதீர்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்; இமேஜ் யார் யாரிடம் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிறகு, இமேஜுக்குள் போகக்கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோரில் என்வ் ஃபைலைச் சேர்த்து, தேவையான ஃபைல்களை மட்டும் பெயர் சொல்லிக் காப்பி செய்யுங்கள். பாஸ்வேர்டு, அமேசானின் ரகசியப் பெட்டகமான சீக்ரெட்ஸ் மேனேஜரில் இருக்கட்டும். அதைப் படிக்கும் அனுமதி அந்த ஃபங்ஷனின் ரோலுக்கு (அது எதைத் தொடலாம் என்று சொல்லும் அடையாளம்) மட்டும் போதும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஜிப்பாகப் போட்ட ஃபங்ஷனின் பைத்தானுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை அமேசானே போட்டுவிடும். கன்டெய்னரில் அந்தப் பொறுப்பு நம்முடையது. வைகாசியில் விட்ட இமேஜ் தையில் திறக்கும்போதும் வைகாசி ஓட்டைகளோடுதான் இருக்கும். புதிதாக பில்ட் செய்து லேட்டஸ்ட் என்ற டேகில் (இமேஜுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) ஏற்றினாலும் ஃபங்ஷன் தானாக மாறாது. டிப்ளாய் செய்த, அதாவது ஃபங்ஷனில் இமேஜைப் பொருத்திய அன்று அந்த டேக் காட்டிய இமேஜையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபங்ஷனையும் அப்டேட் செய்தாக வேண்டும்.

இப்போது ஒவ்வொரு மார்கழியிலும் பேஸ் இமேஜை, அதாவது அடிப்படையான அந்தப் பைத்தான் இமேஜைப் புதிதாக இழுத்து, பில்ட் செய்து, அதே நண்பரிடம் கொடுக்கிறேன். போன முறை ஒரு மணி நேரம் துழாவிவிட்டுக் கூப்பிட்டார். “ஒண்ணும் சிக்கலீங்ணா.” அன்று மாலைதான் டிப்ளாய் செய்தேன்.