தூண்டிவிட்டு அடக்கும் ஊசி

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலான முதியவர்களுக்குச் சிகிச்சை ஒரு ஹார்மோன் ஊசியில் தொடங்குகிறது. லூப்ரோலைடு, கோசெரலின் ஆகியவை பரவலானவை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஒடுக்குவதுதான் இவற்றின் வேலை. ஆனால், முதலில் அதை ஏற்றிவிடுகின்றன!

இந்தப் புற்றுச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளர்பவை. அதைச் சுரக்கும் விரைகளை அகற்றினால் பரவிய நோயும் ஒடுங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. செலவு குறைவு, ஒரே தடவை என்பதால் அந்த அறுவை இன்றும் நடக்கிறது. எண்பது வயதிலும் அதற்கு மனம் ஒப்பாதவர்கள் உண்டு; அது நியாயம்தான்.

ஊசியின் களம் தலைக்குள் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைபோதாலமஸ் ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கும். அதைப் பெறும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளுக்கு உத்தரவு அனுப்பும். அந்த இடைவெளியில்தான் சூட்சுமம். ஊசி மருந்து அதே ஹார்மோனின் சாயல், ஆனால் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். நாள் முழுக்கக் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார் அல்லவா? பிட்யூட்டரி செல்களும் ஹார்மோன் வந்து ஒட்டும் தங்கள் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மூன்று, நான்கு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் அறுவை செய்த அளவுக்கு இறங்கிவிடும்.

அதற்கு முன், பிட்யூட்டரி தூண்டப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் ஏறும் நாட்கள்தான் கவலைக்குரியவை. முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கு வலி கூடலாம், தண்டுவடம் நசுங்கலாம், சிறுநீர் அடைக்கலாம். அதனால் புற்றுச் செல்களில் டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலுட்டமைடு மாத்திரையையும் சில வாரங்களுக்குத் தருவார்கள். கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. டெகரெலிக்ஸ் ஊசி பிட்யூட்டரியின் ஏற்பியை நேரடியாக அடைப்பதால் இந்த ஏற்றம் வராது.

ஹார்மோன் இறங்கியபின் திடீர் திடீரென உடம்பு தகிக்கும், வியர்க்கும். தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது சில சமயம் புற்றைவிடப் பெரிய அடி. தசைக்கு வலுவூட்டும் உடற்பயிற்சியை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்பேன்.

காலப்போக்கில், நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் புரதமான பி.எஸ்.ஏ. மறுபடி ஏறத் தொடங்கும். புற்றுச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைப் பிடிக்கும் தங்கள் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டு சொற்ப ஹார்மோனிலேயே பிழைக்கின்றன. அட்ரினல் சுரப்பி தரும் மூலப்பொருளிலிருந்து அந்த ஹார்மோனைத் தாமே தயாரித்தும் கொள்கின்றன. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிராட்டிரோன் மாத்திரை அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும், கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு.

'மாத்திரை வந்தாயிற்றே, ஊசி எதற்கு?' என்று வீட்டார் கேட்பதுண்டு. விரைகளை அகற்றாதவருக்கு ஊசி தொடர வேண்டும். நிறுத்தினால் பிட்யூட்டரி மீண்டும் உத்தரவு அனுப்பத் தொடங்கிவிடும்.