தலதா மாளிகை: பெயரும் பொருளும்

கண்டி வாவிக்கரையிலுள்ள தலதா மாளிகைக்கு என்ன பொருள் என்று கேட்டால், "புத்தருடைய பல் இருக்கும் இடம்" என்று மலையகத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். தோட்டத்திலிருந்து எசல பெரஹெரா ஊர்வலம் பார்க்கப் போய், மழையில் நனைந்தபடி யானைகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது சிங்களப் பெயர் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோமே, அது எனக்கு உறுத்துகிறது. இந்தப் பெயரில் பாதி நம்முடையது.

'தலதா' இரண்டு சொற்களின் சேர்க்கை. 'தள' என்றால் சிங்களத்தில் கோரைப்பல். யானைத் தந்தத்துக்கும் அதே சொல்தான். பாலி மொழியின் 'தாட்டா' தேய்ந்து இப்படி ஆனது. 'தா' என்பது 'தாது', அதாவது மகான்களின் உடலிலிருந்து எஞ்சிய புனிதச் சின்னம். தாதுகோபம் என்று தமிழில் எழுதுகிறோமே, அதிலுள்ள தாது இதுவே. ஆக, தலதா என்றால் தந்ததாது. சிங்கள எழுத்தில் 'ள' இருந்தாலும் பேச்சில் அது 'ல' ஆகிவிட்டது. காதில் விழுந்தபடி நாமும் 'தலதா' என்று எழுதிப் பழகிவிட்டோம். அதை இனி மாற்ற வேண்டியதில்லை.

'மாளிகை' தமிழ்ச்சொல். சிங்கள 'மாளிகாவ' தமிழிலிருந்து போனது. சரி, வழிபடும் இடத்துக்கு ஏன் மாளிகை என்று பெயர்? அதற்குக் கட்டடத்தின் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில், மேகவண்ணன் ஆட்சியில், கலிங்கத்து இளவரசி ஹேமமாலி தன் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்த பல் இது என்பது மரபு. அதன்பின் தலைநகர் மாறியபோதெல்லாம் பல்லும் கூடவே போனது. அநுராதபுரம், பொலன்னறுவை, தம்பதெனிய, யாப்பகூவ என்று நீண்ட பயணம் அது. பல் எவரிடமோ அவரே அரசர் என்ற நம்பிக்கை வேரூன்றியதால், மன்னர்கள் அதைத் தங்கள் அரண்மனை வளவுக்குள்ளேயே வைத்துக் காத்தார்கள். கண்டியில் முதல் மாளிகையை எழுப்பியவன் முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604). இன்று நாம் காணும் உள்மாளிகை நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தது. அவனுக்குப் பின் வந்தவர்கள் மதுரை வழி நாயக்கர்கள். அவர்களில் கடைசியானவன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்டிப் படங்களிலெல்லாம் முன்னால் தெரிகிற எண்கோண மண்டபமும் அருகிலுள்ள வாவியும் அவன் செய்வித்தவை. 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் இதே அரண்மனை வளவில், மரத்தூண்கள் நிற்கும் அரசவை மண்டபத்தில்தான். அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். அரண்மனையும் அரசும் போயின. பல்லுக்கு உரிய அரச மரியாதை மட்டும் போகவில்லை. நாள்தோறும் முரசு கொட்டி அன்னம் படைப்பதும், புதன்கிழமைகளில் மூலிகை நீரால் மஞ்சனச் சடங்கு நடத்துவதும் இன்றும் தொடர்கின்றன.

இனி, சரியான தமிழ்ப்பெயர் எது?

'தந்த ஆலயம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் தந்தம் என்றதும் யானைதான் நினைவுக்கு வரும். தந்தத்தால் கட்டிய கோயில் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். 'தாது' சேராவிட்டால் பொருளே கெட்டுப்போகும்.

பழைய பெயர் ஒன்று உண்டு. பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் பொறித்த 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தந்ததாது இருந்த கோயிலைக் காப்பதாக அந்தத் தமிழ்ப் படையினர் அதில் உறுதி கூறுகிறார்கள். அந்தக் கோயிலை அவர்கள் குறிப்பிடும் பெயர் 'தளதாய்ப் பெரும்பள்ளி'. எவ்வளவு அழகான தமிழாக்கம்! பள்ளி என்பது சமண, பௌத்தத் தலங்களுக்குத் தமிழில் வழங்கிய சொல். இன்றைய இலங்கைத் தமிழருக்கோ பள்ளி என்றால் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும்தான். அதனால் அதை அப்படியே திரும்ப வழக்குக்குக் கொண்டுவர முடியாது.

என் தேர்வு 'தந்ததாதுக் கோயில்'. கோயில் என்றால் கோ வாழும் இல், அரசன் வீடு. "கோயில் மன்னனைக் குறுகினள்" என்று சிலப்பதிகாரம் கண்ணகியைச் சொல்லும்போது கோயில் என்பது பாண்டியன் அரண்மனை. அரண்மனை, வழிபாட்டிடம் இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்கும். ஆலயம், விகாரை இரண்டுக்கும் அது இயலாது. அந்தக் கண்ணகிக்கே, பத்தினி தெய்வமாக, தலதா மாளிகைக்கு அருகில் ஒரு தேவாலயம் இருக்கிறது. பெரஹெராவில் அவளுடைய ஊர்வலமும் சேர்ந்தே வருகிறது.

செய்தியிலும் பேச்சிலும் 'தலதா மாளிகை' அப்படியே இருக்கட்டும். பாடநூலிலோ வழிகாட்டிப் பலகையிலோ பொருள் விளங்க எழுதும்போது பக்கத்தில் 'தந்ததாதுக் கோயில்' என்று சேர்த்தால் போதும்.

கூடவே இன்னொரு சொல். பல் வைத்திருக்கும் பேழையைச் சிங்களத்தில் 'கரண்டுவ' என்பார்கள். ஒன்றனுள் ஒன்றாக ஏழு பேழைகள். பெரஹெரா யானை சுமப்பது அதன் மாதிரியை மட்டுமே. கரண்டுவவுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டாம். வெற்றிலை போடும் பாட்டிமார் சுண்ணாம்பு வைத்திருக்கும் சிறு டப்பாவுக்குக் கரண்டகம் என்று பெயர். இரண்டும் ஒரே சொல்தான்.