ஆயுத பூஜை முடிந்ததும் முடங்கிய கீபோர்டுகள்

கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றின் லினக்ஸ் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் அங்கிருந்து அழைப்பு வந்தது. "நாலு கம்ப்யூட்டரில் கீபோர்டு வேலை செய்யவில்லை சார். கடையில் புதிதாக வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே இருக்கிறது" என்றார் அங்கிருந்த இளைஞர்.

கணினியைப் போட்டதும், லினக்ஸ் எழுவதற்கு முன் வரும் கிரப் மெனுவில் அம்புக்குறி விசையை அழுத்தினால் தேர்வு நகர்கிறதா என்று கேட்டேன். நகர்கிறது. உள்நுழைவுத் திரை வந்ததும் கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. அப்படியென்றால் கீபோர்டு பழுதாகவில்லை, விதிகளில் அனுமதித்த யூஎஸ்பி கருவிகளை மட்டும் இயங்கவிடும் யூஎஸ்பிகார்டு என்ற மென்பொருள் அதைத் தடுத்திருக்கிறது.

பூஜைக்காக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், திரும்ப மாட்டும்போது கீபோர்டை வேறு யூஎஸ்பி துளையில் செருகிவிட்டார்கள். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் வரிசை எண் கிடையாது. யூஎஸ்பிகார்டு தானே விதிகளை உருவாக்கும்போது, வரிசை எண் இல்லாத கருவியை அது செருகப்பட்டிருந்த துளையோடு சேர்த்துத்தான் பதிவு செய்யும். துளை மாறினால் அது அந்நியக் கருவி. வரிசை எண் இல்லாதவற்றுக்குத் துளையைச் சேர்க்காமல் விதி எழுதவும், விதிகளை உருவாக்கும் கட்டளையில் ஒரு தேர்வு உண்டு. விதிகளை உருவாக்கியபோது நான் அதைக் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால், தடுக்கப்பட்ட கீபோர்டும் பட்டியலில் தெரியும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கருவியை அடையாளம் கண்டுவிடுகிறது, ஆனால் அதை இயக்கும் டிரைவரை இணைப்பதில்லை. இது தெரியாமல் டிரைவரைத் தேடி அரை நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவில் "டிவைஸ் இஸ் நாட் ஆத்தரைஸ்டு ஃபார் யூசேஜ்" (கருவிக்கு அனுமதி இல்லை) என்ற வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த இளைஞர் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து யூஎஸ்பிகார்டு சேவையையே நிறுத்தியிருந்தார். "நிறுத்திய பிறகும் திறக்கவில்லையே சார்!" திறக்காது. பூட்டு இருப்பது கெர்னலில். யூஎஸ்பிகார்டு அதைப் பூட்டவும் திறக்கவும் சொல்லும் காவலாளி. காவலாளி போனாலும் போட்ட பூட்டு போட்டபடியே இருக்கும். புதிதாகச் செருகும் கருவிகளும் அதே தடையில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் சேவை நிற்கும்போது பழைய நிலையைத் திருப்பி வைக்கும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கிறது. அவர் வாங்கிவந்த புதுக் கீபோர்டு இயங்காததும் இதனால்தான். பேக்கேஜையே நீக்கினாலும் மறுபடி பூட் செய்யும் வரை இப்படித்தான்.

எனவே சேவையைத் திரும்ப ஓடவிட்டு, தடுக்கப்பட்ட கருவிகளைப் பட்டியலிடச் சொன்னேன். கருவி தன்னை இன்ன வகை என்று சொல்லிக்கொள்ளும் இடைமுக எண்களில் 03:01:01 கீபோர்டைக் குறிக்கும். அதன் அருகே 03:00:00 இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். சரிபார்த்து நிரந்தர அனுமதி கொடுத்தோம். நிரந்தரம் என்று சொல்லாமல் கொடுத்த அனுமதி, கருவியைப் பிடுங்கியதும் போய்விடும்.

எஸ்எஸ்எச் இல்லாத கணினியென்றால் கிரப்பில்தான் வழி. 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில், ஒரு சேவையை எழவிடாமல் தடுக்கும் சிஸ்டம்டி.மாஸ்க் அளவுருவுக்கு யூஎஸ்பிகார்டு சேவையின் பெயரைக் கொடுத்து பூட் செய்யலாம். அந்த ஒரு முறை மட்டும் சேவை எழாது.

"இவ்வளவு தொல்லைக்கு எல்லாவற்றையும் அனுமதித்துவிடலாமே?" என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். 2014இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் பேட்யூஎஸ்பி என்ற தாக்குதலை விளக்கினார்கள். பென் டிரைவுக்குள் பதிந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினால், அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். கோப்புகளைத் துழாவும் ஆன்டிவைரஸால் ஃபர்ம்வேரைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர்கள் நாள்தோறும் பென் டிரைவோடு வரும் அலுவலகம் அது. அதனால் 08:06:50 என்ற சேமிப்பு இடைமுகம் மட்டுமே உள்ள பென் டிரைவுக்குத்தான் அங்கே அனுமதி. அதோடு 03:01:01 சேர்ந்து வந்தால் உள்ளே விடமாட்டோம்.

கைப்பேசிகளும் இப்படிக் குழப்பும். சார்ஜ் ஏற மட்டும் அனுமதித்த ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கோப்புப் பரிமாற்றத்துக்கு மாற்றினால், அதன் இடைமுகங்கள் மாறிவிடும், பழைய விதி பொருந்தாது. பழைய இணைய டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போலத் தோன்றிப் பிறகு மோடமாக மாறும். ஆகவே இரண்டு நிலைக்கும் தனித்தனி விதி வேண்டும்.

நான்கு கீபோர்டுகளும் பதினொரு மணிக்குள் எழுந்துவிட்டன. அன்று மாலையே எல்லாக் கணினிகளிலும் வரிசை எண் இல்லாத கருவிகளுக்குத் துளையைச் சேர்க்காமல் விதிகளை மீண்டும் எழுதினேன். புதிதாக வாங்கிய கீபோர்டையும் அனுமதித்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.