படம் பிடிக்கும் கையும் மூக்கைப் பிடிக்கும் கையும்

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவராகப் பணிபுரியும் எனக்குக் கடலடிப் படமெடுப்பு விடுமுறை நாள் ஆசை. கடந்த பிப்ரவரியில், கலக்கல் நீங்கி நீர் தெளிந்திருந்த ஒரு காலையில், பயிற்றுநருடன் நாங்கள் மூவர் முட்டம் பாறைகளுக்கு வள்ளத்தில் சென்றோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கம் இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது.

மூன்று மீட்டர் வரை பாறையில் சிப்பி அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே, ஒரு பொந்தின் வாயில், துடுப்புகளை விசிறிபோல் விரித்து ஒரு லயன் பிஷ் நின்றது. சில மீட்டருக்குள்ளேயே நீர் சிவப்பு நிறத்தை விழுங்கிவிடுவதால், கண்ணுக்கு மங்கிய பழுப்பாகத் தெரிந்த அதன் வரிகள், பிளாஷ் ஒளி பட்ட பிறகே கேமராத் திரையில் செந்நிறமாக எழுந்தன. அதைப் பார்த்த நண்பர், தம் கேமராவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு தலைகீழாகக் கீழே பாய்ந்தார். மூக்கைப் பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்லை.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. செவிப்பறைக்குப் பின்னாலுள்ள நடுச்செவியில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்க முயல, செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. இந்த மாற்றம் முதல் சில மீட்டரிலேயே மிகுதி என்பதால், வலி தோன்றும்வரை காத்திராமல், நீர்மட்டத்திலிருந்தே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காற்றைச் செவிக்குள் அனுப்பியபடி, கூடுமானவரை கால் கீழாக இறங்க வேண்டும். அடைப்பு விலகாவிட்டால் முக்கி ஊதக் கூடாது. அப்படி ஊதினால் உட்செவியே சேதமடையலாம். சற்று மேலேறி மீண்டும் முயல்வதும், அப்போதும் முடியாவிட்டால் வள்ளத்துக்குத் திரும்புவதும்தான் வழி.

சளி பிடித்திருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவோரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. மருந்தின் வேகம் கடலுக்குள்ளேயே குறைந்துவிட்டால், மேலேறும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் செவியைப் பிளப்பதுபோல் வலிக்கும். முதுகில் மாட்டிய சிலிண்டரில் இருக்கும் காற்றோ அளவானது; வலி தணியும்வரை கீழேயே காத்திருக்கவும் முடியாது.

இன்னொன்று, நம் ஊர் வழக்கம். காது வலித்ததும் தேங்காய் எண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றிவிடுகிறார்கள். கடியபட்டணம் பக்கத்தில் மூச்சடக்கிச் சிப்பி எடுக்கும் அண்ணன்மார் பலர் அப்படி ஊற்றிவிட்டு, சீழ் வடிந்த பிறகே என்னிடம் வருகிறார்கள். பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுச்செவிக்குப் போகும். செவியைப் பரிசோதிக்கும்வரை அதில் எதையும் விடாமல் உலர்வாக வைத்திருந்தாலே போதும்.

நண்பருக்குப் பறை கிழியவில்லை. இரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. மூன்று வாரம் கடலில் இறங்க விடவில்லை. இப்போது கேமராவைச் சுருள் கயிற்றில் மார்போடு மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்.