அறிவுரை சொல்லக் கூடாத கூட்டம்

1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். சுவர்த் துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களிலோ 10 சதவீதம் பேர்தான் வாய் திறந்தார்கள். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிவிட்டுப் படிவத்தைத் தொடர்ந்தார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிய பயமும் ஏறக்குறைய இப்படித்தான் உள்ளே அடைபடுகிறது. சுற்றியிருப்பவர்கள் சாதாரணமாக இருக்கிறார்கள், அப்படியானால் நமக்குத்தான் ஏதோ கோளாறு என்று மனம் முடிவு கட்டுகிறது. 2021-இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டது. 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு தகவல்: இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தாங்கள் சொன்னது பொருட்படுத்தப்படவில்லை என்றார்கள்.

ஒரே கவலை உள்ளவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சக ஆதரவுக் குழுக்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான். 2015-இல் ஸ்காட்லாந்தில் காலநிலை பற்றிக் கூடிப் பேசும் 'கிளைமேட் கஃபே' தொடங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 'குட் கிரீஃப் நெட்வொர்க்' வந்தது. குடிநோயாளிகளுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' முறையைப் பார்த்து 10 படிகள் கொண்ட திட்டத்தை அது வகுத்தது. பெயர்கள் வேறானாலும், இத்தகைய குழுக்கள் பலவற்றில் நடைமுறை ஒன்றுதான். சிலர் வட்டமாக உட்கார்வார்கள். நடத்துபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, தீர்வு சொல்லக் கூடாது.

கேட்க எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "குழந்தை பெத்துக்கலாமான்னு யோசிக்கவே பயமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், "அதெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துப்பாங்க" என்றோ, "மரம் நடுங்க" என்றோ சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் யாருக்கு நிம்மதி? பெரும்பாலும் சொன்னவருக்குத்தான். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பேசியவர் பழையபடி, யாரும் கண்டுகொள்ளாத அந்தப் புகை அறையில். யாரும் எதுவும் சொல்லாமல் கேட்டால், அடுத்தவர் "எனக்கும் அதே பயம்தான்" என்று தொடங்க வழி கிடைக்கிறது.

வார்த்தையாக்குவதற்கும் தனிப் பலன் உண்டு. 2007-இல் உளவியலாளர் மேத்யூ லிபர்மன் குழுவினர் நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வில், படத்திலிருந்த முகம் காட்டும் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆய்வகப் படமும் உருகும் பனிப்பாறையும் ஒன்றல்ல என்பது வேறு விஷயம்.

சரி, பேசினால் மட்டும் போதுமா? அளவில்லாமல் பேசினால் கெடுதலும் வரலாம். பிரச்சினைகளையே திரும்பத் திரும்ப அலசும் நண்பர்களை உளவியலாளர் அமண்டா ரோஸ் ஆராய்ந்தார். 2002-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களிடையே நெருக்கம் அதிகம். கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். ஒவ்வொருவருக்கும் நேர வரம்பு, ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு கருப்பொருள் என்று குழுக்கள் கட்டுப்பாடு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம், செயல். 2022-இல் அமெரிக்க மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், காலநிலைப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு, கூட்டாகச் செயல்படுபவர்களிடம் வலுவிழந்து காணப்பட்டது. தனியாக வீட்டளவில் செய்யும் மாற்றங்களுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. 'குட் கிரீஃப்' திட்டத்தில் செயலில் இறங்குவது பத்தாவது படி. துக்கத்துக்கு இடம் கொடுத்த பிறகுதான் அது வருகிறது.

இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. தூக்கம் அறவே போய்விட்டது, வேலை ஓடவில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், 'தீர்வு சொல்லாதே' விதி அங்கே செல்லாது. நடத்துபவர் அவரை மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.